எந்தக் கட்டத்தில் எழுதுவது?

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஆறேழு வரிகளில் ஒரு செய்தி வரும். வாய்க்கால் ஓரம், முட்புதர் அருகே, பிறந்து சில மணி நேரமே ஆன பெண் சிசுவின் உடல். ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்துச் சொல்ல, கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுத்தார். போலீசார் உடலைக் கைப்பற்றி, பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான். மறுநாள் அதன் தொடர்ச்சி வராது. தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவரும் இந்தச் செய்தியை, ஊர்ப் பெயர் மட்டும் மாறி மாறி, பலமுறை படித்திருப்பார்கள்.

அந்தச் சிசு நாட்டின் கொலைக் கணக்கில் சேருமா? சேரலாம், சேராமலும் போகலாம். குழந்தைக் கொலை விகிதம் என்று ஓர் எண்ணை அறிக்கைகளில் பார்க்கும்போது, அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இந்தச் சிசுவையே பின்தொடர்ந்து போகலாம். ஏனென்றால், குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதாக அது கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

இப்படிப்பட்ட உடல் கிடைத்தால், பெரும்பாலும் காவல் நிலையத்தில் முதலில் எழுதப்படுவது கொலைப் பிரிவு அல்ல. பிறப்பை மறைக்க உடலை ரகசியமாக அப்புறப்படுத்திய குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 318-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 94-ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. குழந்தை உயிரோடு பிறந்ததா, இறந்தே பிறந்ததா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. எப்படி இருந்தாலும் மறைத்தது குற்றம்.

கொலை என்று எழுத வேண்டுமானால் அந்தக் கேள்விக்கு விடை வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் பிணவறையில் நிற்கும் மருத்துவர். இதற்கு நூற்றாண்டுகளாக இருந்துவரும் ஒரு சோதனை உண்டு. சிசுவின் நுரையீரலை எடுத்துத் தண்ணீரில் இடுவார்கள். மூச்சு இழுத்த நுரையீரலுக்குள் காற்று இருக்கும், மிதக்கும். ஒரு மூச்சும் இழுக்காத நுரையீரல் ஈரல் துண்டு போலக் கெட்டியாக இருக்கும், மூழ்கும். கேட்க எளிது. ஆனால் உடல் அழுகத் தொடங்கியிருந்தால் அதில் உண்டாகும் வாயுவே நுரையீரலை மிதக்க வைத்துவிடும். பிள்ளையைப் பிழைக்க வைக்க யாராவது வாயில் ஊதியிருந்தாலும் மிதக்கும். மறுபுறம், இரண்டொரு மூச்சு மட்டும் இழுத்து அடங்கிய குழந்தையின் நுரையீரல் மூழ்கவும் கூடும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி எந்தத் தடயவியல் மருத்துவரும் முடிவு சொல்ல மாட்டார். வெயிலில் இரண்டு நாள் கிடந்த உடலைப் பார்த்துவிட்டு, ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று அவர் எழுதினால் அது அவருடைய நேர்மை. அந்த ஒரு வரியோடு, அந்தக் குழந்தை கொலைக் கட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் உயிரைப் போக்குவது கொலை அல்ல, அது வேறு குற்றம். ஆனால் குழந்தையின் உடலில் ஏதேனும் ஒரு பகுதி வெளியே வந்துவிட்டால் போதும். அது இன்னும் மூச்சு விடாமல் இருக்கலாம், முழுதாகப் பிறக்காமலும் இருக்கலாம், அப்போதும் அதன் உயிரைப் போக்குவது கொலைக்குரிய குற்றமாகலாம் என்கிறது சட்டத்தின் விளக்கவுரை. ஆக, மூச்சு விட்டதா என்பது சட்டம் விதித்த நிபந்தனை அல்ல. உயிரோடு இருந்தது என்று நிரூபிக்க நமக்கு இருக்கும் வழி அதுதான் என்பதால் எல்லாம் அதில் வந்து நிற்கிறது. ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசக் குற்ற வகைப்பாட்டிலும் சிசுக்கொலை ‘வேண்டுமென்றே செய்த கொலை’ என்ற தலைப்புக்குள் வருகிறது. சட்டவிரோதக் கருக்கொலைக்குத் தனித் தலைப்பு.

இந்தியாவில் இந்தக் கணக்கை வெளியிடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். காவல் நிலையத்தில் பதிவானது மாவட்டக் காப்பகத்துக்கும், அங்கிருந்து மாநிலக் காப்பகத்துக்கும், பிறகு டெல்லிக்கும் போய், ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்ற ஆண்டறிக்கையில் அச்சாகிறது. 1953-ஆம் ஆண்டின் கணக்கிலிருந்து தொடங்கும் நீண்ட வரிசை அது. அதில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் என்று தனி அட்டவணை உண்டு. ஆனால் ‘குழந்தைக் கொலை’ என்ற ஒரே தலைப்பை அதில் தேடினால் கிடைக்காது. கொலை ஒரு வரியில் இருக்கும், அதற்குள் பாலியல் வன்கொடுமையோடு சேர்ந்த கொலை தனியாகக் காட்டப்பட்டிருக்கும். சிசுக்கொலை இன்னொரு வரி, கருக்கொலை வேறொரு வரி, கைவிட்டுச் செல்லுதல் மற்றொரு வரி. தண்டனைச் சட்டம் வழக்கத்தில் இருந்தவரை, சிசுக்கொலைக்கு 315-ஆம் பிரிவும் கருக்கொலைக்கு 315, 316-ஆம் பிரிவுகளும் குறிக்கப்பட்டிருந்தன. ஒரே பிரிவு இரண்டு தலைப்பிலும் வருகிறது, கவனியுங்கள். குழந்தை உயிரோடு பிறக்காமல் தடுப்பதும், பிறந்தபின் இறக்கச் செய்வதும் அந்த ஒரே பிரிவுக்குள் இருப்பதுதான் காரணம். எந்த வரியில் சேர்ப்பது என்பதைக் கணக்கு எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொலையையும் சிசுக்கொலையையும் கூட்டினால்தான் குழந்தைகள் கொல்லப்பட்டதன் மொத்தம் ஓரளவுக்காவது கிடைக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதும் கட்டுரைகள் பல பார்த்திருக்கிறேன். ‘சிசுக்கொலை குறைந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதும்போது, பிறந்த குழந்தையைக் கொன்ற வழக்கு நேரடியாகக் கொலைப் பிரிவில் பதிவாகி அடுத்த வரிக்குப் போயிருக்கலாம் என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

சொல் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு பொருள் வேறு. இங்கிலாந்தில் சிசுக்கொலை என்பது மிகக் குறுகிய சட்டச் சொல். 1922-இல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது, 1938-இல் அது மாற்றி எழுதப்பட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையைத் தாயே கொன்று, பிரசவத்தின் விளைவாக அவள் மனம் நிலை தடுமாறியிருந்தால் மட்டுமே அந்தப் பெயர். தந்தை கொன்றால் அது சிசுக்கொலை ஆகாது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகைப் பிரிவே இல்லை. இரு நாட்டு ‘சிசுக்கொலை’ எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயனற்ற வேலை. இங்கிலாந்தின் புள்ளியியல் துறை கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், சிசுக்கொலை மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகத் தருவதால் இந்தத் தொல்லை அவர்களுடைய மொத்தத்தில் இல்லை.

அடுத்து வயது. நம் காப்பகத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தை. இங்கிலாந்தின் கொலை அறிக்கையில் பதினாறுக்குக் கீழ். உலக சுகாதார நிறுவனத்தின் இறப்பு அட்டவணைகள் நான்கு வயது வரை, ஐந்து முதல் பதினான்கு வரை என்று பிரித்துப் போகும். வெறும் இரண்டு வயது வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் கொல்லப்படும் விதமே வேறு. தெருச் சண்டை, கும்பல் மோதல், துப்பாக்கி. பிரேசில் போன்ற நாட்டில் அந்த இரண்டு வயதைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண் பெரிதும் மாறிவிடும். கைக்குழந்தையோ பெரும்பாலும் வீட்டுக்குள், தன்னை வளர்ப்பவர் கையாலேயே சாகிறது. 2017-இல் உலகெங்கும் பதினெட்டுக்கு உட்பட்டவர்கள் சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மற்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட 2020 அறிக்கை மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி ஆண் பிள்ளைகள். அந்தத் தொகைக்குள் பதினேழு வயதுப் பையனும் பிறந்து ஒரு நாளான பெண் குழந்தையும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். இருவரையும் காப்பாற்றும் வழி ஒன்றாக இருக்க முடியாது. அதனால்தான் வயதுப் பிரிவு இல்லாத குழந்தைக் கொலை எண்ணை நான் அரைத் தகவலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி எண்ணும் முறை. காப்பகத்தின் அட்டவணையில் வழக்குகள், பாதிக்கப்பட்டவர்கள், விகிதம் என்று மூன்று நிரல்கள் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று குழந்தைகள் கொல்லப்பட்டு ஒரே எஃப்.ஐ.ஆர். போடப்பட்டால் முதல் நிரலில் 1, இரண்டாவதில் 3. விகிதத்தைக் கணக்கிடுவதோ வழக்கு எண்ணிக்கையை வைத்து. செத்த பிள்ளைகளின் விகிதம் என்று நாம் நினைத்துப் படிப்பது உண்மையில் பதிவான வழக்குகளின் விகிதம். உலக அளவில் ஒப்பிடும்போது எண்ணப்படுவது ஆட்கள், வழக்குகள் அல்ல.

ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் விதி. முதன்மைக் குற்ற விதி என்பார்கள். குழந்தையைக் கடத்திக் கொன்றால் கொலை எண்ணப்படும், கடத்தல் விடுபடும். இந்த விதியால் கொலைக் கணக்கு குறைகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கொலைதான் பெரும்பாலும் கடுமையானது என்பதால் அது தப்பிப் பிழைக்கும், மற்றவைதான் மறையும். கொலைக் கணக்கில் ஓட்டை விழுவது வழக்கு கொலையாகப் பதிவாவதற்கு முன்பே.

அந்த ஓட்டை எப்படி விழுகிறது என்பதற்கு நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது. ‘குழந்தைகளுடன் தாய் தற்கொலை’ என்று தலைப்பு வருகிறது. இரண்டு வயதுக் குழந்தை எந்த முடிவும் எடுக்கவில்லை. தாயின் துயரம் எத்தனை ஆழமானதாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை கொல்லப்பட்டது. நிலையத்தில் கொலை என்று பதிவு செய்தால், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் விசாரணையே இல்லாமல் வழக்கு முடிக்கப்படும், ஆனால் எண்ணிக்கையில் குழந்தை இருக்கும். ‘சந்தேக மரணம்’ என்று மட்டும் எழுதி முடித்தால், அதாவது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194, குழந்தை கொலைக் கணக்குக்கு வராது. காப்பகமே வெளியிடும் இன்னொரு புத்தகம் இருக்கிறது, விபத்து மரணங்களும் தற்கொலைகளும் பற்றியது. அதன் பக்கங்களுக்குள் போய்விடும். செய்தி எழுதும் நண்பர்கள் அந்தத் தலைப்பை மாற்றி எழுதத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

கைவிடுதலும் அப்படித்தான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெற்றோர் விட்டுவிட்டுப் போவது ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். விட்டுப்போனதால் குழந்தை இறந்துவிட்டால் கொலைக்கோ, கொலையாகாத மரணத்துக்கோ விசாரிக்கத் தடை இல்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. சொன்னால் போதாது, யாராவது பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அடிபட்ட குழந்தை மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்தாலும் அதே வேலை: கொலை முயற்சியைக் கொலையாக மாற்ற வேண்டும்.

ஆண்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. பல நாடுகளின் போலீஸ் கணக்கு, மரணம் நிகழ்ந்த ஆண்டில் அல்ல, அது கொலையாகப் பதிவான ஆண்டில் சேர்கிறது. 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் மாண்ட 96 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று 2016-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அந்த 96-உம் 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டின் இங்கிலாந்துக் கொலைக் கணக்கில் ஏறின. அவர்களில் மிகச் சிறியவன் பத்து வயதுச் சிறுவன். விவரம் தெரியாமல் வரைபடத்தைப் பார்ப்பவர், அந்த ஆண்டு அங்கே ஏதோ பெரிய வன்முறை வெடித்தது என்றே எண்ணுவார். இங்கிலாந்தில் இன்னொரு பழக்கமும் உண்டு: நீதிமன்றத்தில் கொலையல்ல என்று முடிவானால் அந்த மரணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ‘முதலில் பதிவானவை’, ‘இப்போது கொலையாக நிற்பவை’ என்று இரண்டு எண்கள் அங்கே உண்டு. நம்முடையது எஃப்.ஐ.ஆர். கணக்கு.

எண்ணியாயிற்று, இனி வகுக்க வேண்டும். விகிதம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே உள்ளதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் கீழே உள்ளதைப் பார்ப்பதே இல்லை. 2022-இல் குழந்தைகளுக்கு எதிரான எல்லாக் குற்றங்களும் சேர்த்து 1,62,449 வழக்குகள், லட்சம் குழந்தைகளுக்கு 36.6 என்றது காப்பகத்தின் அறிக்கை. பின்னோக்கி வகுத்துப் பார்த்தால் அவர்கள் எடுத்துக்கொண்ட குழந்தைகள் தொகை சுமார் 44 கோடி என்று தெரியும். 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் இது எண்ணிப் பார்த்த தொகை அல்ல, கணித்த தொகை. கணித்ததைவிடப் பிறப்புகள் வேகமாகக் குறைந்திருக்கும் மாநிலத்தில் கீழ் எண் வீங்கியிருக்கும், விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

சிசுக்கொலை வரியில் இது இன்னும் மோசம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நேரும் குற்றத்தையும் பதினெட்டு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளின் தொகையால் வகுக்கிறோம். கணக்குக்காக ஓர் ஆண்டில் 88 சிசுக்கொலைகள் பதிவானதாக வைத்துக்கொள்ளுங்கள். 44 கோடியால் வகுத்தால் லட்சத்துக்கு 0.02. ஒரு தசமத்தோடு நிறுத்தும் அட்டவணையில் அது 0.0 என்றே அச்சாகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும், ஏறத்தாழ 2.2 கோடி என்று எடுத்து வகுத்தால் லட்சத்துக்கு 0.4. அதே 88 குழந்தைகள்தான், விகிதம் இருபது மடங்கு கூடிவிட்டது.

கீழ் எண்ணைச் சரியாக எடுத்தால் என்ன தெரிய வரும் என்பதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் காட்டியது. அவர்கள் இறப்புச் சான்றிதழ்களை வைத்து, முதல் ஆண்டை வாரமாகவும் நாளாகவும் பிரித்தார்கள். ஒரு குழந்தை தன் பிறந்த நாளில் இருப்பது ஒரே ஒரு நாள்தான். ஆகவே அந்த நாளின் இறப்புகளை அந்த ஒரு நாளின் ஆயுளால் வகுத்து, ஆண்டுக் கணக்குக்கு மாற்றினார்கள். லட்சம் குழந்தைகள் ஓர் ஆண்டு முழுக்க அந்த முதல் நாள் போன்ற ஆபத்திலேயே வாழ்ந்தால் எத்தனை பேர் கொல்லப்படுவார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 1989 முதல் 1998 வரை அது 222.2. முதல் ஆண்டு முழுவதற்குமான விகிதம் 8.3 மட்டுமே. மனிதனின் ஆயுளில் கொல்லப்படும் ஆபத்து மிக அதிகமான நாள் அவன் பிறந்த நாளே என்பது இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிறந்த குழந்தையை மருத்துவமனையிலோ தீயணைப்பு நிலையத்திலோ ஒப்படைத்துவிட்டுப் போகலாம், வழக்கு இல்லை என்ற சட்டங்கள் 1999-இல் டெக்சாஸில் தொடங்கி எல்லா மாநிலங்களுக்கும் பரவின. 2008 முதல் 2017 வரையிலான பத்தாண்டில் முதல் நாள் விகிதம் 74.0 ஆக இறங்கியது. முழு ஆண்டு விகிதம் 7.2. பிரிக்காமல் மொத்தமாகப் பார்த்திருந்தால் 8.3 எங்கே, 7.2 எங்கே, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டிருப்பார்கள்.

இந்த அமெரிக்கக் கணக்கு போலீஸ் ஏட்டிலிருந்து வந்ததல்ல என்பது முக்கியம். மரணத்தை எண்ணும் இரண்டாவது வழி அது: மருத்துவர் எழுதும் இறப்புக் காரணம். உலகப் பொது நோய்க் குறியீட்டுப் பட்டியலில் தாக்குதலால் இறப்பு என்று ஒரு தொகுதி, நோக்கம் தெரியாத இறப்பு என்று பக்கத்திலேயே இன்னொரு தொகுதி. கைக்குழந்தையின் மரணத்தில் சந்தேகம் இருந்து நிரூபிக்க முடியாதபோது இரண்டாவதில் போய் விழும். காரணமே தெரியாமல் தூக்கத்தில் இறந்தால் அதற்கும் தனிக் குறியீடு உண்டு.

இந்தியாவில் இந்த இரண்டாவது வழி இன்னும் சரியாகத் திறக்கவில்லை. 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை கால்வாசிக்கும் குறைவு. வீட்டில் பிறந்து வீட்டிலேயே இறந்த சிசுவுக்குப் பல நேரம் பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது.

அப்படிப்பட்ட இடத்திலும் உண்மையை எட்டிப் பிடிக்க ஒரு வழி இருந்ததைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. இயற்கையில், பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும், பெண் சிசு சற்று உறுதியானது. ஒரு வட்டாரத்தில் அது தலைகீழாகி, பெண் சிசுக்கள் முதல் வாரத்திலேயே கூடுதலாக இறந்தால், அதற்கு எந்த நோயையும் காரணம் சொல்ல முடியாது. 1980-களில் உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியபின், வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. போலீஸ் ஏட்டில் அப்போதும் வழக்குகள் அபூர்வம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் வேறு கணக்கு இருந்தது. அதை எடுத்து, ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் 1997-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் எழுதினார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பெண் சிசுக்கள். சேலம், தருமபுரி, மதுரை பக்கத்து வட்டாரங்களில் குவிந்து கிடந்தன அந்த மரணங்கள்.

அந்தப் பதிவேட்டை எழுதியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். கர்ப்பம் பதிவானதிலிருந்து அந்தப் பெண்ணை மாதாமாதம் பார்ப்பவர்கள், முதல் பிள்ளை பெண் என்பதும் இரண்டாவதும் பெண் என்பதும் தெரிந்தவர்கள். ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் இடையே குழந்தை இல்லாமல் போயிருந்தால் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொலை என்று எழுத அவர்களுக்கு அதிகாரமும் இல்லை, எழுதிவிட்டு அதே ஊருக்குள் மறுபடி போகவும் முடியாது. இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதினார்கள்.